முன்சான்றா, வரைவுச் சான்றா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் அடுக்ககங்களுக்குத் தரும் பசுமைச் சான்றிதழ் பற்றிய சொற்களைத் தமிழாக்கும் நம் மடல் இழையில், ‘ப்ரீ-சர்டிபிகேஷன்’ என்பதற்கு நேற்று ஒருவர் ‘முன்சான்று’ என்று எழுதியிருந்தார். சின்னச் சொல், வாயில் நிற்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

போன மாதம் மைத்துனருக்காகப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வீடு பார்க்கப் போனோம். விளம்பரத் தாளில் ஒரு பச்சை இலை, அதன் கீழே பெரிதாக ‘பிளாட்டினம்’, அதாவது பசுமைச் சான்றிதழின் உச்சப் படி. மனையில் ஓர் ஆழ்துளைக் குழாயும் தகரக் கொட்டகையும்தான் இருந்தன. “கட்டடமே இல்லையே, எதுக்குப் பிளாட்டினம் குடுத்தாங்க?” என்றார் மைத்துனர். விற்பனைப் பையன் தாளின் அடியில் எறும்பு மாதிரி ஊர்ந்த ‘ப்ரீ’யைக் காட்டினான்.

அந்த ‘ப்ரீ’யில்தான் விஷயமே இருக்கிறது. ஐஜிபிசி எனப்படும் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம், வடிவமைப்புக் கட்டத்திலேயே வரைபடங்களையும் கணக்குகளையும் பார்த்து இதைக் கொடுக்கிறது. முழுச் சான்றிதழ் கட்டி முடித்து, அதற்கான ஆவணங்களைக் காட்டிய பிறகுதான். இடையில் எவ்வளவோ நழுவலாம். கழிப்பறை ஃப்ளஷுக்குச் சுத்திகரித்த நீர் கொண்டுவரும் தனிக் குழாய், செலவைப் பார்த்ததும் காணாமல் போகலாம். வெயில் தடுக்கும் கண்ணாடிக்குப் பதில் சாதாரணக் கண்ணாடி வரலாம். சென்னை போன்ற ஊர்களில் சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, அதாவது குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு. காகிதத்தில் 14 காட்டிய கட்டடம் கண்ணாடி மாறினால் அங்கேயே நிற்குமா?

சரி, சொல்லுக்கு வருகிறேன். தமிழில் ‘முன்’ ஒட்டினால், சங்கதி கைக்கு வந்துவிட்டது என்றே நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பதிவு செய்தால் சீட்டு நம்முடையது. முன்ஜாமீன் கிடைத்தால் கைது இல்லை. முன்சான்றும் ‘சீக்கிரமே வாங்கிய சான்று’ என்றுதான் காதில் விழும். கட்டுநர் விரும்புவதும் அதைத்தான்!

‘திட்டச் சான்று’ என்று முதலில் யோசித்தேன். சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டடம் கட்டக் கொடுக்கும் ‘திட்ட அனுமதி’யோடு குழம்பும், வேண்டாம்.

‘வரைவுச் சான்று’ எப்படி? வாக்காளர் பட்டியலில் வரைவு வேறு, இறுதி வேறு என்பது ஊருக்கே தெரியும். வரைபடத்துக்குக் கொடுத்தது என்ற சாயலும் கூடவே கிடைக்கிறது. சங்க இலக்கியத்தில் வரைவு என்றால் திருமணம், புலவர்கள் பொறுத்தருள்க. ‘சான்றிதழின் வரைவுப் படி’ என்று யாராவது புரிந்துகொள்வார்களே என்றால், ‘வரைவுநிலைச் சான்று’ என நீட்டலாம்தான். நீட்டினால் விளம்பரத்தில் வெட்டிவிடுவார்கள்.

கட்டி முடித்த பின் வருவதை ‘இறுதிச் சான்று’ என்போம். ‘நிறைவு’ என்ற சொல்லை அங்கே தொட வேண்டாம். பணி நிறைவுச் சான்றிதழ் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘ரேட்டிங்’குக்கு ‘தரநிலை’யா ‘தரமதிப்பீடா’ என்பதை அடுத்த மடலில் பார்ப்போம்.