ஒரே சீசனில் சஞ்சய் கச்சேரி நான்கு

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து, இந்த மார்கழி இசை சீசனில் கர்நாடக சங்கீதப் பாடகர் சஞ்சய் சுப்ரமணியன் கச்சேரிகள் நான்கை வரிசையாகக் கேட்க ஆசை. கேட்டதையே திரும்பக் கேட்பதுபோல் ஆகிவிடுமா?

பதில்: தாராளமாக வாருங்கள். ஒரு டிசம்பரில் நான் ஐந்து கேட்டேன். நோட்டில் ராகம், தாளம் எல்லாம் குறித்துக்கொண்டே வந்தேன். ஐந்தாம் நாள் பல்லவியில் (ஒரே வரியை விரித்துப் பாடும் பகுதி) அவர் மேல் ஷட்ஜத்தில், அதாவது உச்ச 'ஸ'வில், நின்றார்; மெய்மறந்து பேனாவை மூடிவிட்டேன். மயிலாப்பூரில் தங்குங்கள். கச்சேரி அரங்கங்களான மியூசிக் அகாடமி, நாரத கான சபா இரண்டுமே பக்கம்தான்.

இன்னொருவர்: தனி ஆவர்த்தனத்தில் (பாட்டு நின்று மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி) கேன்டீனுக்கு எழுந்து போகாதீர்கள். எஸ். வரதராஜன் வயலின், நெய்வேலி வெங்கடேஷ் மிருதங்கம் என்று பழகிய கூட்டணி. ஒரே கலைஞரின் வாசிப்பு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பது அங்கேதான் பிடிபடும்.

கேட்டவர்: சரி, பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். அப்பாவும் வருகிறார்.