ஓநாயின் வயிற்றுக்குள் ஓபோ: மும்பைப் பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா கேட்கப் பழக்கிய அனுபவங்கள்

தாராவியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தாராவியில் ஒரு படிப்பகத்தில் சனிக்கிழமை தோறும் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலான பிள்ளைகளின் பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்ததும் வளர்வதும் இங்கேதான் என்றாலும் வீட்டுப் பேச்சில் நெல்லை வாசம் போகவில்லை. சென்ற மழைக்காலத்தில், கணக்குப் போட யாருக்கும் மனமில்லாத ஒரு நாளில், என் மகன் கொடுத்திருந்த சிறிய ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் 'பீட்டரும் ஓநாயும்' போட்டுக் காட்டினேன். மாஸ்கோவில் குழந்தைகளுக்கென்று நடந்த நாடக அரங்கத்துக்காக 1936-இல் எழுதப்பட்ட இசை அது. அரை மணி நேரத்துக்கும் குறைவு. கதைசொல்லி ஒருவர் பேசப் பேச, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம் பதில் சொல்லிக்கொண்டே வரும்.

முதல் முயற்சி தோல்வி என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கதை முழுவதையும் முதலிலேயே சொல்லி, வாத்தியங்களின் படங்களைச் சுவரில் ஒட்டி, "இது பறவை, இது வாத்து, இது பூனை" என்று பாடம் நடத்திவிட்டுத்தான் இசையைப் போட்டேன். பிள்ளைகள் பரீட்சைக்கு உட்கார்ந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். புல்லாங்குழல் வந்ததும் "பறவை" என்று ஒரே குரலில் கத்தினார்கள், ஆனால் அது நான் சொன்னது, அவர்கள் கேட்டதல்ல. போதாக்குறைக்குத் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு டிம்பனி என்ற பெரிய முரசைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறொரு குழுவோடு முறையை மாற்றினேன். கதையும் சொல்லவில்லை, படமும் ஒட்டவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் மெட்டையும் அரை நிமிட அளவுக்கு மட்டும் போட்டு, "வருவது யார், எப்படி நடக்கிறார், என்ன வயது?" என்று கேட்டு, நோட்டில் எழுதச் சொன்னேன். பசூன் என்ற அடிக்குரல் ஊதுவாத்தியத்துக்கு ஒரு பையன் எழுதியது: "எங்க தாத்தா ராத்திரி மாத்திரை தேடுதாக." அந்த மெட்டு கதையில் வரும் தாத்தாவுக்கு உரியது என்று அவனுக்குத் தெரியாது. கிளாரினெட்டின் கீழ்ச் சுரங்களில் பதுங்கி வரும் பூனைக்கு ஒரு சிறுமி, "அம்மாவுக்குத் தெரியாம முறுக்கு டப்பாவத் திறக்காங்க" என்று எழுதியிருந்தாள். மூன்று பிரெஞ்சு ஹார்ன்கள் சேர்ந்து ஓநாயைக் கொண்டுவந்தபோது நான்கு நோட்டுகளில் ஒரே விடை: "வில்லன் என்ட்ரி." சினிமாவின் பின்னணி இசை இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நாம் அதற்குரிய மதிப்பைக் கொடுப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விடை, வாத்துக்குரிய வாத்தியமான ஓபோவுக்கு வந்ததுதான். "நாயனத்துக்கு மூக்கடைச்சிருக்கு." நான் சிரித்துவிட்டேன், ஆனால் அதில் பிழை ஒன்றும் இல்லை. நாதஸ்வரத்தின் சீவாளியைப் போலவே ஓபோவிலும் நாணல் வகைத் தட்டைகள் இரண்டு ஒன்றையொன்று பார்த்தபடி கட்டப்பட்டிருக்கின்றன; ஊதும்போது அவை ஒன்றோடொன்று அதிர்வதால்தான் அந்த மூக்குக் குரல் வருகிறது. பசூனும் அதே குடும்பம். கோயில் கொடையில் நாயனத்தை அருகில் நின்று பார்த்த பிள்ளைக்கு இதைப் புரியவைக்க இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

பிறகு முழுவதையும் போட்டேன். ஒலிப்பதிவில் கதை ஆங்கிலத்தில் இருந்ததால், அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓநாய் வாத்தை விழுங்கியது, பிடிபட்டது, ஊர்வலம் போனது. கடைசி வாசகத்தை மட்டும் தமிழில் சொல்ல மறந்துவிட்டேன். திட்டமிட்டதல்ல, மறதிதான். ஊர்வலம் முடியும் நேரத்தில் ஓபோ மெல்ல ஒலித்தது. பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், வாத்து சாகல. உள்ள இருந்து கத்துது" என்றாள். நான் சொல்லாமல் விட்ட வாசகம் அதுவேதான்: அவசரத்தில் ஓநாய் வாத்தை உயிரோடு விழுங்கிவிட்டது. பக்கத்திலிருந்த பையன் ஒப்புக்கொள்ளவில்லை; அது வாத்தின் ஆவி என்று அடித்துச் சொன்னான். வீட்டுக்குப் போகும் வரையில் அந்தச் சண்டை ஓயவில்லை.

கதையை முன்பே சொல்வது நல்லதா, கேட்ட பிறகு சொல்வது நல்லதா? பிள்ளைகளோடு இப்படிப் பழகியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து

அம்மா, நான் முப்பது ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுப்பவன். என் மாணவர்களிடம் எந்த மேற்கத்திய இசையைப் போட்டாலும் முதல் கேள்வி, "இது என்ன ராகம் சார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அன்றைய வகுப்பு அதிலேயே போய்விடும். எனவே சுரத்தை விட்டுவிட்டு, தாளத்தின் வழியாக உள்ளே அழைத்துப் போனேன்.

இப்ஸனின் நாடகம் ஒன்றுக்காக எட்வர்ட் கிரீக் 1875-இல் எழுதிய இசையில், மலையரசனின் மண்டபத்தைக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. இரண்டரை நிமிடம்தான். செல்லோ, டபுள் பேஸ் என்ற பெரிய வயலின் வகைகளும் பசூனும் அடிக்குரலில், கால்விரலால் நடப்பது போல ஒரு சிறிய மெட்டைத் தொடங்குகின்றன. மெட்டு கடைசி வரை பெரிதாக மாறுவதில்லை. உயரமும் ஓசையும் வேகமும் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. எதுவும் சொல்லாமல், "ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள்" என்றேன்.

நம் பிள்ளைகளுக்குக் காலப்பிரமாணம் என்பது விரதம் மாதிரி. எடுத்த வேகத்தை விடக்கூடாது என்றுதான் அடித்து அடித்துப் பழக்கியிருக்கிறோம். முதல் நான்கு ஆவர்த்தனம் தொடையில் ஒழுங்காகத் தட்டினார்கள். அதன் பிறகு ஒருத்தியின் கை மெட்டோடு போயிற்று, பக்கத்தில் இருந்தவளின் கை பழைய வேகத்திலேயே நின்றது, இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். ஒன்றரை நிமிடத்தில் விரல் எண்ணுவதை எல்லோரும் கைவிட்டு, வெறும் தட்டாகத் தட்டி, கடைசியில் அதுவும் முடியாமல் சிரித்துவிட்டார்கள். "என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். பத்து வயதுப் பையன் ஒருவன் மூச்சு வாங்கியபடி, "யாரோ துரத்தறா சார், தாளம் போட எங்க நிக்கறது?" என்றான்.

நாடகத்திலும் பூதங்கள் கதாநாயகனைச் சூழ்ந்துகொண்டு, கொல்லுங்கள் என்று கத்துகின்றன. கதையை அதற்குப் பிறகுதான் சொன்னேன். எனவே அம்மாவின் கேள்விக்கு என் பதில், பிறகு சொல்வதே நல்லது என்பதுதான்.

டோம்பிவிலியிலிருந்து

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. நான்கு வயதுப் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் இசையைப் போட்டால், அது மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர்களுக்குப் பெயரையாவது முதலில் சொல்லியாக வேண்டும். சேன்-சான்ஸ் 1886-இல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் ஆமை வருகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போட்டேன். அது உண்மையில் ஓஃபன்பாக்கின் துள்ளல் நடன மெட்டு, மிக மெதுவாக வாசிக்கப்படுகிறது. ஆமை ஆடுவதால் இப்படி இழுக்கிறது என்பதுதான் கேலி. கைப்பேசியில் வேகத்தை இரண்டு மடங்காக்கி மறுபடி போட்டவுடன் வகுப்பே எழுந்து ஆடத் தொடங்கியது. "ஆமை பஸ்ஸில ஏறிடுச்சு" என்றது ஒரு குழந்தை. இந்தக் கேலிகளால் தன் பெயர் கெடும் என்று அஞ்சியோ என்னவோ, செல்லோ இசைக்கும் அன்னத்தைத் தவிர மற்றவற்றைத் தான் உயிரோடிருக்கும் வரை அச்சிட சேன்-சான்ஸ் சம்மதிக்கவில்லை.

செம்பூரிலிருந்து

என் அனுபவம் சற்று வேறு மாதிரி, கொஞ்சம் சங்கடமானதும் கூட. என் மகளின் வகுப்பை, தென் மும்பையில் ஓர் அரங்கத்தில் நடந்த சிம்பொனி நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனார்கள். துணைக்குச் சென்ற பெற்றோரில் நானும் ஒருவன். மழையில் பேருந்து ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது முதல் உருப்படி தொடங்கிவிட்டது. இடையில் கதவைத் திறக்க மாட்டார்கள் என்பதால், நாற்பது பிள்ளைகளும் வெளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். மூடிய கனமான கதவின் வழியாக வயலினோ புல்லாங்குழலோ வரவில்லை. கீழ்ச் சுரங்கள்தான் சுவரைக் கடந்து வரும் என்பது பள்ளியில் படித்ததுதான், ஆனால் டபுள் பேஸும் டிம்பனியும் தரை வழியாக உள்ளங்கைக்கு வந்து சேர்ந்ததை அன்றுதான் அனுபவித்தேன். என் மகள் கையைத் தரையில் பதித்தபடி, "கடலுக்கு அடியில யாரோ பெரிய பெட்டி இழுக்கறாங்கப்பா, கயிறு அறுந்து அறுந்து போகுது" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வரை கதை வளர்ந்தது.

உள்ளே போன பிறகு நிகழ்ச்சித் தாளைப் பார்த்தால், நாங்கள் தவறவிட்டது ஒரு சிம்பொனியின் முதல் பகுதி. அதற்குக் கதையே கிடையாது. மகள் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நான் கேட்டது தப்பா?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தேடியபோது, ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1958 ஜனவரியில் நியூயார்க்கில் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நிகழ்ச்சித் தொடரின் முதல் நாளைப் பற்றிப் படித்தேன். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் கிஹோட்டே' இசையை, சூப்பர்மேன் சிறையிலிருந்து நண்பனை மீட்கும் கதை என்று சொல்லி வாசித்துக் காட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அது பொருத்தமாகவே இருந்திருக்கிறது. பிறகுதான் உண்மையான கதை வேறு என்று சொல்லி, அதே இசையை மறுபடி வாசித்தார். கைதிகளின் குறட்டையாக இருந்த ஒலி இப்போது ஆட்டு மந்தையாகிவிட்டது. சுரங்களில் ஒன்று கூட மாறவில்லை. இசைக்குப் பொருள் இசையேதான், கதை மேலே போர்த்திய துணி என்பது அவர் கட்சி. பெத்தோவனும் 1808-இல் அரங்கேறிய தம் ஆறாவது சிம்பொனியில் குயிலையும் இடியையும் வைத்துவிட்டு, இது சித்திரம் தீட்டுவதை விட உணர்வைச் சொல்வதுதான் என்று எழுதி வைத்தார்.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் முழுதாகச் சமாதானமாகவில்லை. "துணியை எடுத்துட்டாலும் கயிறு அறுந்தது உண்மைதானே" என்றாள். டிம்பனி நின்று நின்று வந்ததைத்தான் அவள் கயிறு என்றாள். ஆகவே என்னால் மாட்டுங்கா ஐயா அளவுக்கு உறுதியாக எந்தப் பக்கமும் நிற்க முடியவில்லை.

தாராவியிலிருந்து

செம்பூர்ச் சகோதரர் எழுதியது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கவே சென்ற சனிக்கிழமை, ஆர்தர் ஹொனெக்கர் 1923-இல் எழுதிய 'பசிஃபிக் 231' என்ற இசையைப் பெயர் சொல்லாமல் போட்டேன். அது நீராவி ரயில் எஞ்சின் ஒன்றின் பெயர். 231 என்பது முன்னே இரண்டு, நடுவே மூன்று, பின்னே ஒன்று என்ற அச்சுகளின் கணக்கு. இசையை எழுதி முடித்த பிறகே அந்தப் பெயரை வைத்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெயரில்லாமல் ரயில் தெரிகிறதா என்று பார்க்கத்தான் ஆசை. ஒருபுறம் மாஹிம், மறுபுறம் சயான் என்று இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவில் பிறந்த பிள்ளைகளிடம் இது நேர்மையான சோதனை இல்லைதான்.

பதினொரு பேரில் ஏழு பேர் ரயில் என்றார்கள். இரண்டு பேர் மிக்ஸி என்றார்கள். ஒருவன் "கட்டடம் இடிக்காங்க" என்றான். அவர்கள் தெருவில் அதுதான் நடக்கிறது. ஒருத்தி ஒன்றும் எழுதவில்லை.

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேட்கும் நமக்கு வண்டி வேகம் பிடிப்பது போலத் தோன்றினாலும், அடிப்படைத் தட்டின் வேகம் உண்மையில் படிப்படியாகக் குறைந்துகொண்டு போகிறது; ஒரு தட்டுக்குள் வரும் சுரங்கள்தான் கூடுகின்றன. இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் மாட்டுங்கா ஐயாவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "தட்டு ஒன்றாக இருக்கட்டும், நடையை மாற்றுங்கள்." அதன்படி, சுவர்க் கடிகாரத்தின் வேகத்தில் எல்லோரையும் மேசையில் தட்டச் சொல்லி, ஒரு தட்டுக்கு 'த', பிறகு 'தக', பிறகு 'தகிட', பிறகு 'தகதிமி' என்று சொல்ல வைத்தேன். கை மாறவில்லை, ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த முறை தட்டையே கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தினேன்; அப்போதும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மிக்ஸிக் கட்சியினர் இருவரும் அந்த இடத்தில் கட்சி மாறினார்கள்.

மறுநாள் பெற்றோரின் சம்மதத்தோடு ஆறு பேரை மாஹிம் நிலையத்து நடைமேம்பாலத்துக்கு அழைத்துப் போய், கிளம்பும் லோக்கல் வண்டிகளுக்குச் சொற்கட்டுச் சொல்லச் சொன்னேன். சரியாகவே வரவில்லை. முந்தைய நாள் ஒன்றும் எழுதாமல் இருந்த சிறுமிதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "இதுல புகை வண்டி மாதிரி தகதிமி இல்ல டீச்சர். கீழருந்து மேல 'உய்ய்ய்'னு ஒரே இழுப்பா போகுது. அதுக்கு எந்த வாத்தியம்?" மின்சார மோட்டாரின் ஒலியைத்தான் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயா?

மாட்டுங்காவிலிருந்து

வயலின்தான் அம்மா. ஒரே தந்தியில் விரலை எடுக்காமல் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டே போனால் அது அப்படியே வரும். நாங்கள் ஜாரு என்போம். சனிக்கிழமை நானே வயலினோடு வருகிறேன். எத்தனை மணிக்கு வர வேண்டும்?

தாராவியிலிருந்து

நான்கு மணிக்கு வாருங்கள் ஐயா. மழை பெய்தால் மட்டும் ஒரு போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்; கூரை இன்னும் தகரம்தான்.