புதுப்பிப்பு: அம்மாவோடு ரீயூனியன் தீவு, போகிறோம்

போன மாதம் கேட்டிருந்தேன், பினாங்கிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு, இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியனுக்கு 9 நாள் போகலாமா, முழங்கால் வலி உள்ளவருக்கு எரிமலைத் தீவு ஒத்துவருமா என்று. போகிறோம், ஜூலையில். நான் முதலில் பார்த்து வைத்தது பிப்ரவரி, அது புயல் காலம் என்று எச்சரித்த அக்காவுக்கு ரொம்ப நன்றி.

ஒரே ஊரில் தங்கித் தினமும் சுற்றி வரலாம் என்ற திட்டத்தை விட்டுவிட்டேன். மலை நடுவிலுள்ள சிலாவோஸ் ஊருக்கு ஏறும் சாலையில் மட்டும் சுமார் 400 வளைவுகள். நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்ததும் அம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், பாதியில் நிறுத்தி, "ஒரே நாள்ல போய்த் திரும்புறதாய்யா இது?" என்றார். சரி, அங்கே 2 இரவு. மஃபாத் என்ற மலைப் பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது, அதனால் விட்டாச்சு. எரிமலையைப் பார்க்க பா டி பெல்கோம்ப் என்ற காட்சிமுனை வரை, 2,300 மீட்டர் உயரத்துக்கு, காரிலேயே போகலாம். மேகம் மூடுவதற்குள் காலையிலேயே போய்விட வேண்டும், குளிருக்கு ஸ்வெட்டரும் வேண்டும்.

அப்புறம், அம்மாவுக்கு எரிமலையைவிட அங்குள்ள தமிழ்க் கோயில்களைப் பார்க்கத்தான் ஆசை. அங்குள்ள தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள், பலருக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது, பேச்சு பிரெஞ்சிலும், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலிலும். அம்மாவின் தாத்தாவும் இங்கே மலேசியாவில் தோட்டத்துக்கு வந்தவர்தான், கப்பல் மட்டும் வேறு.

வாடகைக் கார் இன்னும் பதியவில்லை. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.