வாட்டர்ப்ரூஃப், பிரீத்தபிள்: மழைக்குளிரில் சைக்கிள் ஓட்டுபவரின் மேலங்கிக்குச் சொற்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்கால மழையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் எந்த மேலங்கியை வாங்கலாம் என்று சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். வாட்டர்ப்ரூஃப், வாட்டர் ரிப்பெல்லன்ட், பிரீத்தபிள் என்ற மூன்று சொற்களில் வந்து நிற்கிறேன். நீர்புகா, நீர்காப்பு, நீரெதிர்ப்பு என்று முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு சொல்லாக மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஜாக்கெட் என்று அப்படியே எழுதவும் கை வரவில்லை, தமிழில் அது ரவிக்கை ஆகிவிட்டது. இப்போதைக்கு மேலங்கி என்று வைத்திருக்கிறேன். உதவுங்கள்.

* * *

> நீர்புகா, நீர்காப்பு, நீரெதிர்ப்பு

நீர்புகா இருக்க வேறெதற்கு? ஆனால் தயவுசெய்து நீர்ப்புகா என்று எழுதிவிடாதீர்கள், பெயர்ப்பலகைகளில் அந்தப் பிழையைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறது. நீர் இங்கே எழுவாய், எழுவாய்த் தொடரில் வல்லினம் மிகாது. புகா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ஒற்று அதற்குப் பின்னால்தான் மிகும்: நீர்புகாத் துணி. ஓடாக் குதிரை, அழியாப் புகழ் போல.

மேலங்கிக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் 'மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து' வருகிறார்கள். மெய்ப்பை, உடம்புக்கான பை! அதுவும் கார்காலத்துப் பாசறை. வினையையும் பாருங்கள். மெய்ப்பைக்குள் ஆள் புகுகிறான், நாம் தேடும் துணிக்குள் நீர் புகுவதில்லை. புக்க, புகா இரண்டும் ஒரே வேர். 'நீர்புகா மெய்ப்பை' என்று ஆள்வதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

* * *

ஐயா, மெய்ப்பை அழகான சொல், ஆனால் வாங்க வருபவர் அந்தச் சொல்லைப் போட்டுத் தேட மாட்டார். மேலங்கியே இருக்கட்டும்.

எனக்குக் கவலை வேறு. எல்லாவற்றுக்கும் நீர்புகா என்று ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் நனைவார். புதிய மேலங்கியின் தோளில் மழைத்துளி விழுந்தால் முத்து முத்தாக உருண்டு ஓடும். அது மேல்துணியில் இருக்கும் பூச்சின் வேலை. உள்ளே தண்ணீர் வராமல் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வு. 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் பி.டி.எஃப்.இ. நெகிழியைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது நுண்துளைகளோடு விரிந்ததே, அந்த வகைச் சவ்வு. பூச்சு வேறு, சவ்வு வேறு.

என் பழைய மேலங்கியில் முதுகுப்பையின் பட்டை உரசும் இடத்தில் பூச்சு தேய்ந்து, ஒரு மணி நேர மழையில் துணி கருத்து ஊறிவிடும். கையை விட்டுப் பார்த்தால் உள்ளேயும் ஈரம். ஒழுகுகிறது என்று முடிவுகட்டித் தூக்கிப் போட்டுவிட்டேன். உண்மையில் ஒழுகவில்லை, மேல்துணி ஊறிப்போனதால் வியர்வையின் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகியிருக்கிறது. துவைத்து, இளஞ்சூட்டில் உலர்த்தி, பூச்சைப் புதுப்பித்திருந்தால் இன்னும் சில ஆண்டு உழைத்திருக்கும். இரண்டுக்கும் இரண்டு சொல் இருந்திருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்கும். சவ்வுக்கு நீர்புகா இருக்கட்டும், பூச்சுக்கு, அதாவது வாட்டர் ரிப்பெல்லன்ட்டுக்கு, 'நீர் ஒட்டா' என்று வையுங்கள். தாமரை இலைத் தண்ணீர் நமக்குத் தெரியாததா?

தையலையும் விட்டுவிடாதீர்கள். ஊசி போன வழியெல்லாம் துளை. உள்பக்கம் தையல்மேல் பட்டை ஒட்டாவிட்டால் துணி எவ்வளவு நல்லதானாலும் அதை நீர்புகா என்று சொல்லக்கூடாது.

* * *

நீர் ஒட்டா எனக்குச் சம்மதம். பிரீத்தபிளுக்கு 'மூச்சுவிடும் துணி' அல்லது 'காற்றோட்டமான துணி' என்று போடலாமே, யாருக்கும் விளங்கும்.

* * *

விளங்கும், ஆனால் தப்பாக விளங்கும். காற்றோட்டமான துணி என்று நம்பி வாங்கினால், அந்தச் சவ்வு காற்றையும் தடுக்கிறது. குளிர்காற்றில் சைக்கிளில் போகிறவருக்கு அப்படித் தடுப்பதுதான் வேண்டும். காற்றோட்டம் தேவைப்பட்டால் அக்குள் ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொள்வார். துணி வழியே போவது ஆவி மட்டுமே.

'ஆவிவிடும் துணி' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். ஆவி விட்டான் என்றால் செத்தான் என்று பொருள். அடித்துவிட்டேன்.

* * *

தாமதமாக நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தாவரவியல் கற்பிப்பவள். இலை வழியாக நீர் ஆவியாக வெளியேறுவதை நீராவிப்போக்கு என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். இலையின் மேல் மெழுகுப் படலம் தண்ணீரை ஒட்டவிடாது, இலைத்துளைகள் ஆவியைப் போகவிடும். நீங்கள் சொல்லும் மேலங்கி செய்வதும் இதையே. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்? 'ஆவிபோக்கு துணி' என்று எழுதலாம். 'நீர் புகா, ஆவி போகும்' என்று சேர்த்துச் சொன்னால் மனத்திலும் நிற்கும்.

* * *

அம்மா, இலைத்துளை திறக்கும், மூடும், அது உயிருள்ளது. சவ்வு அப்படியல்ல. ஒரு துறையின் கலைச்சொல்லை இன்னொரு துறைக்கு இழுத்தால் இரண்டும் கலங்கும். ஆவிபோக்கு துணியில் த் மிகாமல் எழுதியிருக்கிறீர்கள், வினைத்தொகை என்பதால் அது சரி. ஆனாலும் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. 'ஆவியூடு துணி' என்று பாருங்களேன். ஊடு, ஊடுருவு, ஊடகம், ஊடை...

* * *

ஊடு என்றால் ஊடல் நினைவுக்கு வருகிறது ஐயா. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார், ஆவிபோக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் ஒரு கேள்வி: துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்ற அளவுக்கு என்ன எழுதப் போகிறீர்கள்? 10,000 மி.மீ. என்று மொட்டையாக விட்டால் மழையளவு என்று நினைப்பார்கள். துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றாலும் கசியாது என்பது அதன் பொருள். நீர்த்தம்ப உயரம் என்பதா, நீர்நிரல் உயரம் என்பதா?

* * *

எல்லாருக்கும் நன்றி. நாளை வெள்ளி. நீர்புகா, நீர் ஒட்டாப் பூச்சு, ஆவிபோக்கு துணி, மேலங்கி என்று முடித்துவிட்டேன். ஆறு பேரில் நான்கு பேர் ஆவிபோக்குக்குச் சரி சொன்னீர்கள். அதில் இரண்டு பேர் 'வேறு வழியில்லை என்றால்' என்று சேர்த்திருந்தீர்கள், அதையும் கவனித்தேன். நீர்த்தம்பம் என்று எழுதி, அது என்ன என்று அங்கேயே ஒரு வரியில் விளக்கியிருக்கிறேன். உடலின் முன்சாய்வுக்கு ஏற்பப் பின்பக்கம் நீண்டு தொங்கும் பகுதிக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. 'நீள்பின்' என்பது ஊக்கு மாதிரி ஒலிக்கிறது. இன்றிரவுக்குள் யாராவது சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்.

* * *

தானை என்றால் ஆடை, அதன் தொங்கும் முனையை முன்தானை என்று இன்றும் சொல்கிறோமே. பின்தானை என்று எழுதுங்கள். மெய்ப்பையை விட்டதில் எனக்கு இன்னும் வருத்தந்தான்.