போன மாத நகர்வலத்தில் மேளம் ஏன் கேட்கவில்லை

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஸூம் வீடியோ அழைப்பில் எல்லோரும் சேர்ந்து பார்த்த திருகோணமலைக் கோணேசர் நகர்வல (சுவாமி ஊர்வல) வீடியோவில் மேளச் சத்தம் தண்ணீருக்குள் இருந்து வருவது போலிருந்தது என்று எட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பாரிஸிலிருந்து ஒருவர், "நாதஸ்வரக்காரருக்கு அன்று இருமலா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் வாசித்தார். அது பதிந்திருந்த பழைய வீஎச்எஸ் கசெற்றிலும் பெரிய பிழை இல்லை. பிழை முழுக்க என்னுடையது. மூன்று கிழமையாக நோண்டிப் பார்த்து இப்போதுதான் விளங்கியிருக்கிறது.

நான் செய்தது இதுதான். லப்டொப்பில் வீடியோவை ஓடவிட்டேன், ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தேன், அந்தச் சத்தம் மைக்குக்குள் போய் உங்களிடம் வந்து சேரும் என்று நம்பினேன். கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் ரேப் ரெக்கோடரைப் பிடித்துப் பாட்டுப் பதிந்த காலத்துப் புத்தி. இந்தக் காலத்துக் கணினியில் அது சரிவராது, ஏனென்றால் மைக்குக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு காவல்காரர்கள் நிற்கிறார்கள்.

முதலாமவர் எதிரொலியைத் தடுப்பவர். சிட்னி அண்ணா பேசுவது என் ஸ்பீக்கரில் வந்து, என் மைக்குக்குள் புகுந்து, திரும்ப அவருக்கே போனால் அவரால் பேச ஏலாது. அதனால் ஸ்பீக்கரில் என்ன போகிறது என்று கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். அதே சத்தம் மைக்கில் கேட்டால் கழித்துவிடும். வீடியோவின் சத்தமும் அதே ஸ்பீக்கரில்தானே போகிறது? பல வேளைகளில் அதுவும் அந்தக் கழித்தலில் அகப்பட்டுவிடும்.

இரண்டாமவர் இரைச்சலை அகற்றுபவர். மின்விசிறி, விசைப்பலகைத் தட்டல், பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு மனிதக் குரலை மட்டும் அனுப்புவது அவர் வேலை. குரல் விட்டு விட்டு வரும், ஏறி இறங்கும். நாதஸ்வரம் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நீளமாக நின்றால், "இது பேச்சு இல்லை, ஏதோ மெஷின்" என்று முடிவெடுத்து அமுக்கிவிடுவார். தவிலின் அடியை யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைப்பார். சேமக்கலம், சங்கு இரண்டுக்கும் உள்ளே வர அனுமதியே இல்லை. அன்று நீங்கள் கேட்டது இந்த இருவரும் தின்றுவிட்டு வைத்த மிச்சம்.

இந்த இரண்டாமவரின் கைவரிசையை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன், அப்போது விளங்கவில்லை. மருமகன் கோணேசர் கோயிலுக்குப் போனவன், அங்கே பாறையில் இருக்கும் இராவணன் வெட்டு என்ற பிளவுப் பக்கம் நின்று வீடியோவில் அழைத்தான். பின்னால் கடல் தெரிகிறது, காற்றில் அவன் சேட்டு படபடக்கிறது, கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறுகிறது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. அவன் குரல் மட்டும் ஏதோ அறைக்குள் இருந்து கதைப்பது போல வடிவாக வந்தது. கோயில் இருக்கும் அந்தச் சுவாமி மலையில் நின்றுகொண்டு கடல் இல்லாமல் கதைத்த முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். கடல் சத்தம் இல்லாத திருகோணமலையை நான் என்ன செய்ய?

சரி, தீர்வுக்கு வருவோம். வீடியோவின் சத்தம் மைக் பக்கமே போகக்கூடாது, கணினிக்கு உள்ளாலேயே போகவேண்டும். ஸூமில் திரையைப் பகிரும் பட்டனை அழுத்தியதும் ஒரு பெட்டி திறக்கும். அதில் "ஷெயார் சவுண்ட்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதற்குச் சரி போடவேண்டும். பக்கத்திலேயே வீடியோவுக்கென்று இன்னொரு கட்டமும் உண்டு, அதற்கும் சரி போட்டால் படம் விட்டு விட்டு ஓடாது. அவ்வளவுதான். இந்த ஒரு கட்டத்தைக் கவனிக்காததால்தான் போன மாதம் 41 பேருடைய ஒரு மணித்தியாலத்தை நான் வீணாக்கினேன். மக் கணினி வைத்திருப்பவர்களுக்கு முதல்தடவை ஏதோ பதியக் கேட்டு, கடவுச்சொல்லும் கேட்கும். பயப்படாமல் கொடுங்கள்.

கூகிள் மீற்றில் செய்வதென்றால் முழுத் திரையைப் பகிராமல், வீடியோ ஓடும் குறோம் டாபை மட்டும் தெரிந்தெடுங்கள். டாபின் சத்தத்தையும் பகிரவா என்று அங்கேயே கேட்கும்.

இப்படிக் கட்டம் எதுவும் இல்லாத செயலிகளுக்கு விண்டோஸில் விபி-கேபிள், மக்கில் பிளக்ஹோல் என்று மென்பொருள்கள் இருக்கின்றன. கணினிக்குள்ளேயே ஒரு கற்பனை வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ ஒரு முனையில் சத்தத்தை ஊற்றும், கூட்டச் செயலி மறுமுனையை மைக் என்று நினைத்துக் குடிக்கும். ஒரு எச்சரிக்கை: வெளியே போகும் சத்தத்தை அந்த வயருக்குத் திருப்பினால் உங்கள் காதுக்கு ஒன்றும் வராது. பரீட்சித்துப் பார்த்த அன்று திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு நாள் ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து, புதிது வாங்கக் கடைக்கும் போய்விட்டேன்.

நான் அனுப்புவது சரியாக இருந்தாலும் கேட்பவர்கள் பக்கத்தில் சில விஷயங்கள் இருக்கின்றன. லண்டனில் ஒரு வீட்டில் அம்மா ஹோலில் ஐபாட்டில், மகன் அதே ஹோலில் லப்டொப்பில். இரண்டும் ஒன்றின் சத்தத்தை மற்றது பிடித்து ஊளையிட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு அறையில் ஒரு கருவியில் மட்டும் சத்தம் இருக்கட்டும். மற்றதில் மைக்கையும் ஸ்பீக்கரையும் சேர்த்தே நிறுத்துங்கள், மைக்கை மட்டும் நிறுத்தினால் போதாது.

படத்தின் நடுவே கதைக்க விரும்புகிறவர்கள் (நாம் எல்லோரும்தான், "அந்தா எங்கட வீடு" என்று கத்தாமல் இருக்க யாரால் முடியும்) தயவுசெய்து ஹெட்ஃபோன் போடுங்கள். புளூரூத் ஹெட்ஃபோனில் ஒரு சிக்கல் உண்டு. அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது தொலைபேசி முறைக்கு மாறிவிடும், பாட்டெல்லாம் பழைய கறுப்புத் தொலைபேசியில் கேட்பது போலாகிவிடும். செற்றிங்ஸில் மைக் என்ற இடத்தில் லப்டொப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கர் என்ற இடத்தில் புளூரூத்தையும் தெரிந்தெடுத்தால் சரியாகும். அதைவிட நல்லது வயர் வைத்த மலிவு ஹெட்ஃபோன். பழைய மேசைக்கணினி என்றால் பச்சை ஓட்டை காதுக்கு, இளஞ்சிவப்பு ஓட்டை மைக்குக்கு.

விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று. அழைப்பு வந்ததும் மற்றச் சத்தங்களை 80 வீதம் குறைத்துவிடும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு. கொன்ட்ரோல் பனலில் சவுண்ட் பகுதியைத் திறந்தால் "கம்யூனிகேஷன்ஸ்" என்று ஒரு தாள் இருக்கும், அங்கே "ஒன்றும் செய்யாதே" என்பதைத் தெரிந்தெடுத்து வையுங்கள். வீடியோ திடீரென்று முணுமுணுக்கத் தொடங்கியதாக எழுதிய இருவருக்கும் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஊரில் இருப்பவர்கள் தொலைபேசியில், டேட்டாவை எண்ணி எண்ணிப் பார்க்கிறார்கள். நான் திரையைப் பகிர்ந்தால் அவர்களுக்குப் படமும் கலங்கும், காசும் போகும். அவர்களுக்கு வீடியோவைச் சிறிய கோப்பாக முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் தங்கள் தொலைபேசியில் ஓடவிட்டு, அழைப்பில் குரலோடு மட்டும் இருந்தால் போதும். கணினியில் இதையே சின்க்பிளே என்ற இலவச மென்பொருள் தானாகச் செய்யும். ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும்.

வட்ஸ்அப்பில் செய்தால் என்ன என்று கேட்டவருக்கு: அதில் 32 பேருக்கு மேல் ஏலாது. புதுப்படம் பார்க்கலாமே என்ற இளைஞர்களுக்கு: சந்தா கட்டும் தளங்களைப் பகிர்ந்தால் அநேகமாகக் கறுப்புத் திரைதான் வரும், அதைத் தாண்டும் வழியைச் சங்கத்திடம் கேட்கவேண்டாம்.

வரும் சனிக்கிழமை ஊர் நேரம் மாலை 5.30க்கு அதே நகர்வலத்தைத் திரும்பப் பார்ப்போம். ரொறன்ரோவுக்குக் காலை 8, லண்டனுக்குப் பகல் 1, பாரிஸுக்கு 2, சிட்னிக்கு இரவு 10. நம்முடையது இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். 35ஆவது நிமிடத்தில் தேத்தண்ணி இடைவேளை விட்டு, அதே இணைப்பில் மறுபடி வருவோம். 5.15க்கே வருபவர்களுடன் தவில் தனி வரும் இடத்தை மட்டும் போட்டுப் பார்க்கிறேன், கேட்டதும் கேட்காததும் உடனே சொல்லுங்கள். ஒன்று மட்டும்: வீஎச்எஸ் நாடாவின் ஓரத்தில் மெல்லிய கோடு போலத்தான் சத்தம் பதிந்திருக்கும். அந்த ஓரம் கசங்கிய இரண்டு இடங்களில் கரகரப்பு இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

மருமகனிடம் மறுபடி மலைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் இருப்பது ஐபோன். அழைப்பில் இருக்கும்போது மைக் முறையை "வைட் ஸ்பெக்ட்ரம்" என்று மாற்றினால் சுற்றியுள்ள சத்தத்தை வெட்டாது. படம் முடிந்ததும் ஐந்து நிமிடம் அவன் பேசாமல் தொலைபேசியைக் கடல் பக்கம் பிடிப்பான்.

உப்புவெளி ரீச்சர், இளஞ்சிவப்பு ஓட்டை எது என்று மகனிடம் இப்போதே கேட்டு வையுங்கள். போன முறை நீங்கள் சொன்ன கதை முழுவதையும் நாங்கள் கேட்காமல் விட்டோம்.

ரொறன்ரோவிலிருந்து,
சங்கத்தின் கணினிப் பொறுப்பு (இன்னும் நீக்கப்படவில்லை)