புதுப்பிப்பு: பரணுக்குச் செய்தித்தாள் இழையே போட்டோம்

லண்டன் வீட்டின் கூரைப் பரணுக்குச் செலவு குறைந்த, சுற்றுச்சூழலைக் கெடுக்காத வெப்பக்காப்பு எது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. செம்மறிக் கம்பளி விலை கட்டுப்படியாகவில்லை. பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யும் செல்லுலோஸ் இழையைச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. போரேட் உப்பு சேர்ப்பதால் எளிதில் தீப்பற்றாது. குழாய் வழியே ஊதி, விட்டங்கள் மறையும்படி சுமார் 300 மில்லிமீட்டர் நிரப்பினார்கள்; சாம்பல் நிறப் பஞ்சாக மூலை முடுக்கெல்லாம் புகுந்துகொண்டது. மாடி அறைகளில் இரவுக் குளிர் நன்றாகவே குறைந்திருக்கிறது.

எதிர்பாராத ஒன்று: கீழிருந்து வெப்பம் ஏறாததால் பரண் முன்பைவிடக் குளிர்ந்துவிட்டது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிடாமல் அவற்றுக்கும் உறை போட வேண்டியிருந்தது. பரணில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மட்டும் இழை வேண்டாம்; கீழிருந்து ஏறும் வெப்பம்தான் அதை உறையாமல் காக்கும். இறவாரத்துக் காற்று இடைவெளியையும் அடைக்கவே கூடாது. ஈரம் தங்கி மரம் இற்றுப்போகும்.