பொங்கல் கூட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற கைகளுக்கும் மாலை வேண்டும்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

பொங்கல் கூட்டத்தில் கௌரவிக்கப் போகும் ‘சாதனைப் பெண்கள்’ பட்டியலைப் பார்த்தேன். டாக்டர், பேங்க் அதிகாரி, கனடாவில் படிப்பை முடித்த பிள்ளை. எல்லாரும் நம்ம லயத்துப் பிள்ளைகள், தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற ஒருத்திகூட அதில் இல்லை. மூணாறின் பெயரைச் சொல்லிக் கூடும் சங்கம் அவர்களை விட்டுவிட்டு மேடை போடக் கூடாது.

2015 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். தேயிலைக் கம்பெனி போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியது. நம்ம அம்மாக்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு டவுனுக்கு வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். பேச வந்த யூனியன் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை.

என் சித்தியும் அங்கே இருந்தாள். பிள்ளைகளுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு, நாலு வீட்டுக்காரிகள் காசைப் பங்கு போட்டு ஜீப் பிடித்துப் போவார்களாம். அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். ரோட்டிலும் அவள் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிப் பாடினார்கள். லயத்தையும் பங்களாவையும், தமிழ் மீடியத்தையும் இங்கிலீஷ் மீடியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்ட கோஷங்கள் அவை. மழை வந்தால் காட்டில் கட்டுகிற அதே பிளாஸ்டிக் தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேரளா முழுக்க டிவியில் பார்த்தது. இத்தனை வருஷம் நம்மைக் கண்டுகொள்ளாத சேனல்கள் தமிழ்ப் பேச்சை அப்படியே ஒலிபரப்பின.

13-ம் தேதி கேட்ட 20 சதவீதம் கிடைத்தது, 8.33 போனஸாக, 11.67 கருணைத் தொகையாக. அடுத்து கூலிக்காக நடந்த போராட்டத்தில் 232 ரூபாய் நாள் கூலி 301 ஆனது. கேட்டது 500. அந்த உயர்வு கேரளத் தேயிலைத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் போனது என்பதை நாம் சொல்லிக்கொள்வதே இல்லை. அதே வருஷம் நவம்பரில், இந்தப் போராட்டத்தில் உருவான பெண்கள் அமைப்பான பெம்பிளை ஒருமை உள்ளாட்சித் தேர்தலில் நின்றது. அதன் தலைவிகளில் ஒருவரான கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார்.

நம்ம தாலுகாவுக்கு இதில் பழைய பெருமையும் உண்டு. கேரளத்தின் முதல் சட்டசபைக்கு, 1957-ல், தேவிகுளம் அனுப்பியது ரோசம்மா புன்னூஸை. அந்தச் சபையில் முதலில் பதவிப் பிரமாணம் எடுத்ததும் அவர்தான். நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒருமை பிறகு பிளவுபட்டது, சிலர் கட்சிகளுக்குப் போனார்கள் என்று சிலர் எழுதுவீர்கள். உண்மைதான். அதனால் அந்த ஒன்பது நாள் இல்லாமல் போய்விடாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோனபோது, தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக வீடும் நிலமும் வேண்டும் என்று ரோட்டில் நின்றது இதே கோமதிதான்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் இப்போது பென்ஷன் ஆகிறார்கள். வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். சிலர் சங்கரன்கோவில் பக்கம், சிலர் தேனி, சிலர் திருப்பூரில் மகன் வீட்டில். இறங்கிப் போய்விட்டால் ஒரே இடத்தில் அவர்களைப் பார்க்க முடியாது. பெட்டிமுடியில் போனவர்களின் குரலை நாம் கேட்டு வைக்கவில்லை. மிச்சம் இருப்பவர்களுடையதையாவது பதிவு செய்வோம்.

போன் போதும். அம்மா, சித்தி, அத்தை யாராக இருந்தாலும் அவர்கள் பாட்டுக்குப் பேச விடுங்கள். முதல் நாள் யார் சொல்லிப் போனார்கள், வீட்டில் என்ன சண்டை நடந்தது, என்ன பாடினார்கள் என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் ஆம்பளைகள் இருந்தால் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களே பேசிவிடுவார்கள்.

கமிட்டியிடம் கேட்பது இவ்வளவுதான்: இந்தத் தடவை மேடையில் இரண்டு பேராவது தோட்டத்துப் பெண்களாக இருக்கட்டும். பஸ் செலவையும், ஒரு நாள் கூலியையும் சங்கம் கொடுக்கட்டும். வர முடியாதவர்களின் பதிவை அங்கே போட்டுக் காட்டலாம். குண்டலைப் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். தேவிகுளம், நல்லதண்ணி, மாட்டுப்பட்டிப் பக்கத்து ஆட்கள் இந்த மடலுக்குக் கீழேயே பதில் போடுங்கள்.